சுரைக்காய் முத்திரையிட்ட யுன்னான் காசு

அறுபது தாண்டிய ஒரு பெண் தனியாக மதுரையில் வந்து இறங்கினால், மீனாட்சியைப் பார்க்கத்தான் வந்திருப்பாள் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரியும் "கோயிலுக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் முத்திரையைக் குத்திவிட்டார். நானும் திருத்தவில்லை. ஒரு சீனக் காசைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

எனக்கு ஊர் மலேசியாவில் தைப்பிங். மழைக்குப் பேர்போன இடம். மத்தியானத்துக்கு மேல் குடையில்லாமல் வெளியே கிளம்புகிறவர்களை நாங்கள் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் மதுரைக்கும் குடையோடு வந்துவிட்டேன். வெயிலுக்கு அதை விரித்ததும் ஓர் ஆட்டோக்காரர், "அக்கா வெவரமானவுக" என்றார். ஊரில் இருந்த மூன்று நாளில் என்னை யாராவது விவரமானவள் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு, பசியாற நல்ல கடை எது என்று வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டேன். மலேசியாவில் பசியாறுவதுதான் எங்களுக்குக் காலைச் சாப்பாடு, மாலைப் பலகாரம் எல்லாம். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய், பக்கத்தில் இருந்தவரிடமும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். பிறகு ஒரு சந்துப் பக்கம் கைகாட்டினார். அங்கே இட்லியை இலையில் வைத்து, நான் போதும் என்று சொல்லச் சொல்ல நாலு நிறத்தில் சட்னி ஊற்றினார்கள். எங்கள் ஊர் இட்லி ஒரு நாளும் இப்படி வராது. அரிசியா, தண்ணீரா, கைப்பக்குவமா என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். பருத்திப்பால் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மனசு நிறைவாக இருந்தது. வந்த காரியம் பாதி முடிந்தது போல ஒரு நினைப்பு.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனாவில் கடைசிப் பேரரசர்கள் காலத்தில் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியாகக் காசு அடித்தார்கள். குவாங்துங், ஹூபே, சிச்சுவான், யுன்னான் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வெள்ளிக்காசு. எல்லாவற்றிலும் டிராகன்தான், ஆனால் எல்லாம் ஒரே டிராகன் இல்லை. குவாங்துங் டிராகன் தலை வாரிக்கொண்டு படம் எடுக்க நின்ற மாதிரி இருக்கும். யுன்னான் டிராகன் மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி முறைக்கும். இந்த வித்தியாசங்களைப் பார்த்தே நானும் லியோங்கும் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறோம்.

லியோங் எங்கள் ஊரில் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். நான் அரசு மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது சர்க்கரை மாத்திரைக்கு வருவார். ஒருநாள் சீட்டை எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு டிராகன் காசு என் மேசையில் விழுந்தது. திருப்பித் தர மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று தொற்றியது இந்தப் பைத்தியம். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குடும்பம் மலேயாவுக்கு வருமுன் அவருடைய தாத்தா பர்மாவில், மாண்டலேயில், காசு மாற்றும் கடை வைத்திருந்தார். யுன்னான் வணிகர்கள் கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி மலையிறங்கி வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் வெள்ளியைக் கடைக்காரர் தட்டிப் பார்ப்பார், எடை பார்ப்பார். நல்ல வெள்ளிதான் என்றால் தன் கடை முத்திரையை மையில் தொட்டு அதன்மேல் ஒற்றித் தருவார். இந்தக் காசுக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். தாத்தா கடையின் முத்திரை சுரைக்காய் வடிவம். மை முத்திரை கை மாற மாற அழிந்துவிடும் என்பதால், சுரைக்காய் போட்ட காசு ஒன்றுகூடக் குடும்பத்தில் மிஞ்சவில்லை.

சுரைக்காய்க்குள் இருந்தது ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா என்பதுதான் தகராறு. ஓர் எழுத்து என்றால் தாத்தாவின் பெயர் மட்டும், கடை அவருடையது. இரண்டு என்றால் அவர் தம்பியின் பெயரும் சேர்ந்தது, கடை இருவருக்கும் பொது. லியோங்கின் அப்பா ஒன்றுதான் என்று சாகும்வரை சொன்னார். தம்பி வீட்டார் இரண்டு என்றார்கள், எங்கள் பங்கை விழுங்கிவிட்டீர்கள் என்றார்கள். தம்பியின் பேரன் வெங் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். லியோங்கும் அவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். பெரியவர்கள் போட்ட சண்டையில் இவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சந்தையில் எதிரில் வந்தால் ஒருவர் மீன் பக்கம் திரும்புவார், ஒருவர் காய்கறிப் பக்கம் திரும்புவார்.

இப்போது லியோங்குக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்கிறார். "இரண்டு என்று தெரிந்தால் நானே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்று என்று தெரிந்தால் அவன் வரட்டும். தெரியாமலே போய்ச் சேரக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பழங்காசு சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில், மதுரைப் பக்கத்து நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கதிரேசன் என்பவர் ஒரு படம் போட்டார். அவருடைய அப்பா சின்ன வயதில் மாண்டலேயில் அரிசி ஆலையில் வேலை பார்த்துத் திரும்பியவர். அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்ததாகவும், இது எந்த நாட்டுக் காசு என்று தெரிந்தவர்கள் சொல்லவும் என்றும் கேட்டிருந்தார். யுன்னான் அரை டாலர். அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் பாதிக் காசை மறைத்திருந்தது. விரலுக்குக் கீழே கறுப்பாக, உருண்டையாக, ஒரு சுரைக்காயின் அடிப்பாகம் தெரிந்தது; எழுத்து விரலுக்கு அடியில் போய்விட்டது.

இன்னொரு படம் கேட்டேன். மறுபக்கத்தை எடுத்து அனுப்பினார். திரும்பவும் கேட்டேன். ஃபிளாஷ் அடித்து நடுவில் வெள்ளைப் பொட்டாக வந்தது. மூன்றாவது முறை கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், காசு கை நழுவிவிடும் என்று என் சேகரிப்புப் புத்தி தடுத்தது. மதுரைக்குக் கோயிலுக்கு வருகிறேன், வந்தால் அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினேன். அந்த ஒரு படத்தைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பயணமே வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்கும் போய்விட்டு வந்தேன். அதிகாரியிடம் சொல்லாத பொய்யையும் மெய்யாக்கியாயிற்று. தூணுக்குத் தூண் சாய்ந்து உட்கார்ந்து மக்கள் சாவகாசமாகக் குடும்ப வழக்குகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்திருந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றித் தோழியிடம் "நல்லவதான், ஆனா அம்புட்டு நல்லவ இல்ல" என்றாள். இதைவிடத் துல்லியமாக ஒருவரை எடைபோட முடியுமா என்று யோசித்துக்கொண்டே வெளியில் வந்தேன்.

கதிரேசன் பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவேன், நாலரைக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். நாலு மணிக்கே ஆட்டோ பிடித்தேன். காளவாசல் தாண்டியதும் டயர் போயிற்று. ஓட்டுநர் வருத்தமே படாமல் கீழே இறங்கிப் பார்த்து, இது நேற்றே போயிருக்க வேண்டியது என்றார். பிறகு பின்னால் வந்த மினிபஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, அக்காவைப் பத்திரமா எறக்கி விடுங்கண்ணே என்று நடத்துனரிடம் என்னை ஒப்படைத்தார்.

மினிபஸ் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. எதிரே ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பழங்கள், பித்தளைக் குடம், ஒரு பீரோ, மாலை போட்ட கிடா. பீரோவின் கண்ணாடியில் எங்கள் பஸ்ஸின் முகம் தெரிந்தது. பஸ்ஸில் யாருக்கும் கோபம் வரவில்லை. தட்டுகளை எண்ணி, மாமன்காரன் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் ஊரில் தைப்பூசக் காவடிக்கு இப்படி வழிவிட்டு நிற்போம், ஆனால் ஒரு பீரோவுக்கு நின்றதாக நினைவில்லை. வேறு நாளாக இருந்தால் இறங்கிக் கூடவே நடந்திருப்பேன். அன்று என் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

கதிரேசன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. அவர் மனைவி மலர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது குறைந்தவர். தலை நிறைய மல்லிகை. என்னை ஏற்கெனவே தெரிந்தவர் போலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கதிரேசன் மெலிந்த மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு சிரிப்பை ஒட்டிவைப்பவர். காபி வந்தது. முறுக்கு வந்தது. பிறகு ஒரு சில்வர் தட்டில் அப்பாவின் பெட்டியிலிருந்த காசுகள் வந்தன.

ஐந்தாறு வெள்ளைக்காரன் காலத்து ரூபாய்கள், நடுவில் ஓட்டையிட்ட காலணா ஒன்று. ஓரத்தில் அந்த யுன்னான் டிராகன், முறைத்துக்கொண்டு.

எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது வேண்டுமோ அதை முதலில் தொடக்கூடாது. வேண்டாததை எடுத்து விலை கேட்க வேண்டும். வேண்டியதை அசிரத்தையாகத் தூக்கிப் பார்த்து, ஒரு குறை சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிட வேண்டும். நானும் லியோங்கும் இதில் கைதேர்ந்தவர்கள். கை தானாகவே செய்யும். என் கை முதலில் ரூபாயை எடுத்தது. இது எந்த ராஜா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் பேசினேன். பிறகு போகிற போக்கில் டிராகனைத் தூக்கினேன்.

சுரைக்காய்தான். படத்தில் விரல் மறைத்திருந்த மேல்பாகமும் இருந்தது. குறுகிய இடுப்பு, அதற்கு மேலே சின்ன உருண்டை. உள்ளே ஏதோ எழுதியிருந்தது. லென்ஸ் கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. கைபேசி மடியில் இருந்தது, தொடவில்லை. இரண்டு நொடிக்கு மேல் பார்த்தால் ஆசை வெளியே தெரிந்துவிடும்.

"இது என்ன, இப்படிக் கறையா இருக்கு?" என்று முகத்தைச் சுளித்துத் தட்டில் போட்டேன்.

மலரின் முகம் சட்டென்று வாடியது. பெட்டியில் துணியில் சுற்றிக் கிடந்தது, யாரும் எடுத்துப் பார்த்ததில்லை என்று சமாதானம் சொன்னார். நான் பெரிய மனசு பண்ணுகிறவள் போல, பரவாயில்லை, இதைப் போன்றது என்னிடம் இல்லை, கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன், விலையைச் சொல்லுங்கள் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காசுக்கெல்லாம் குடுக்கலக்கா. கடல் தாண்டி வந்திருக்கீங்க, அதை நீங்களே வச்சுக்கங்க" என்றார் கதிரேசன். "ஆனா இன்னைக்கு வேணாம். வெள்ளிக்கிழமை, வெளக்கு வைக்கிற நேரம். வீட்ல இருந்து வெள்ளி வெளிய போகக்கூடாதும்பா இவ. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க, முறையா வாங்கிட்டுப் போகலாம்."

அவர்கள் பேரம் பேசவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் வெட்கம் வந்த பிறகாவது, தம்பி, ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு நம் கைக்கு வரப்போகிற பொருள்தானே, இப்போது எதற்கு அவசரப்பட்டு வேஷத்தைக் கலைப்பது என்று பேசாமல் எழுந்துவிட்டேன். மலர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அறைக்கு வந்ததும் லியோங்கைக் கூப்பிட்டேன். பார்த்தேன், சுரைக்காய்தான் என்றேன். "ஒன்றா, இரண்டா?" என்றார். நாளை கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அதற்குள் விலையை ஏற்றிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை" என்றார். இனாமாகவே தருகிறார்கள் என்று சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை காலை முழுவதும் கால் தரையில் பாவவில்லை. மலருக்கு ஒரு புடவையும், கதிரேசனுக்கு வேட்டியும் வாங்கினேன். புதுமண்டபத்துப் பக்கம் சும்மா நடந்தேன். வெயிலில் ஜிகர்தண்டா குடித்தேன். எங்கள் ஊரில் ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்குக்கு இது அத்தை மகள் முறை வேண்டும். பால், கடல்பாசி, ஐஸ்கிரீம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் கரைந்தது. எதிரில் நின்று குடித்தவர் என் குடையைப் பார்த்து எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றதும், அங்கே தன் சித்தப்பா மகன் இருப்பதாகவும், பார்த்தால் கேட்டதாகச் சொல்லும்படியும் சொன்னார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்காக விருந்து தயாராக இருந்தது. விடியற்காலையில் கதிரேசன் பரவைச் சந்தைக்கே போய்க் காய்கறி வாங்கி வந்திருந்தார். முதலில் இலை போடுவார்கள் என்று நினைத்தேன். மலர் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். நெற்றியில் குங்குமம் வைத்தார். பூ வைத்தார். உள்ளே போய் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம், நடுவில் ஒரு சந்தனப் பொட்டோடு யுன்னான் காசு.

காசு பளபளவென்று இருந்தது. டிராகனின் செதில்களை எண்ணலாம் போல இருந்தது. சுரைக்காய் இல்லை.

"நேத்து நீங்க கறையா இருக்குன்னு சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்லக்கா" என்றார் மலர். "வந்தவுகளுக்கு அழுக்கு வெள்ளியவா குடுக்குறதுன்னு இருந்துச்சு. விடிய முன்ன எந்திருச்சுப் புளியில ஊறப் போட்டேன். அப்பவும் அந்தக் கறுப்பு போகல. விபூதி போட்டு, பிரஷ்ஷ வச்சுத் தேய் தேய்னு தேச்சேன். இப்பப் பாருங்க."

நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத் திருப்தியாக்கா?" என்று கேட்டார்.

"ரொம்பத் திருப்தி" என்றேன். வேறு என்ன சொல்வது? நான் சொன்ன குறையைத்தான் அவர் நிவர்த்தி செய்திருக்கிறார்.

இலை போட்டார்கள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், வாழைப்பூ வடை, பாயசம். ஒவ்வொன்றும் நன்றாக இருந்திருக்கும். குழம்பில் புளி கூடுதலா என்று மலர் கேட்டார். இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து இறக்கினேன். புடவையைக் கொடுத்தபோது, எதுக்குக்கா இதெல்லாம் என்று கூச்சப்பட்டு, உடனே தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு துளிகூடக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெறும் வெளுப்பு. டிராகனின் நகங்களுக்கிடையில் விபூதித் துகள் ஒட்டியிருந்தது. ஒரு கோடு, ஒரு நிழல், எதுவும் மிச்சமில்லை. அவ்வளவு அக்கறையாகத் தேய்த்திருந்தார்.

கதிரேசன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அக்கா, காசு பிடிக்கவில்லையா என்று கேட்டார். சிரிப்பு ஒட்டாத வாக்கியம். அலுவலகத்தில் பலரிடம் கையெழுத்துக்கு நிற்பவர், முகம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். லியோங், வெங், சுரைக்காய், ஒன்றா இரண்டா, சந்தையில் வேண்டியதைக் குறை சொல்லும் எங்கள் வழக்கம், எல்லாம். டீ ஆறிப்போயிற்று.

"அவகிட்ட சொல்லிராதீங்கக்கா" என்றார் முதலில். "தெரிஞ்சா செத்துருவா."

சொல்லமாட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் தெளிந்தது. டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறார், எந்த மொழியானாலும் படத்தைப் பார்த்துச் செய்துவிடுவார், ஒரு மணி நேர வேலை என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அந்தக் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஸ்டாம்ப்காரர் கதிரேசனின் கைபேசியில் இருந்த பழைய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சுரைக்காயின் அடிவளைவைக் காகிதத்தில் வரைந்து, மேலே இடுப்பும் தலையும் போட்டு, இப்படியா என்று கேட்டார். அப்படியேதான் இருந்தது.

"உள்ள என்ன எழுத்து, மாப்ள?" என்று கதிரேசனிடம் கேட்டார். "ஒண்ணா, ரெண்டா?"

கதிரேசன் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா. சொல்றதப் போட்டுருவான்."

இரண்டு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. லியோங் வெங் வீட்டுக்குப் போவார், கதவைத் தட்டுவார், இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். நல்லதுதானே? ஆனால் அதற்கு அவர் தன் அப்பாவைத் திருடன் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒன்று என்று சொன்னால், வெங்கின் அப்பா வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவர். இந்தச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே, நான் வாயைத் திறந்து ஒரு செத்த மனிதரைத் திருடனாக்கவோ பொய்யனாக்கவோ வேண்டும். இரண்டு நொடி கூடுதலாகப் பார்க்க முடியாதவளுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வரும்? மன்னியுங்கள் தம்பி என்று எழுந்துவிட்டேன். ஸ்டாம்ப்காரர் அந்தக் காகிதத்தை மடித்து, ஆடிய மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

கதிரேசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். விடுதி அறையில் இருந்துகொண்டு பேச முடியாது என்று தோன்றியது. குளத்தில் தண்ணீர் இருந்தது. சுற்றுச்சுவரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தம்பதி மைய மண்டபத்தைப் பின்னால் விட்டுப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன். நன்றாக வரவில்லையோ என்று இன்னொன்றும், அதற்கு மேல் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். போதும் ஆன்ட்டி என்று அவர்களே சொன்னார்கள்.

பிறகு லியோங்கைக் கூப்பிட்டேன். இயந்திரத்தில் இருந்து வந்த நாள், குரல் சோர்ந்திருந்தது. ஆனாலும் எடுத்ததும் ஒன்றா இரண்டா என்றுதான் கேட்டார். முத்திரை போய்விட்டது என்றேன். எப்படிப் போயிற்று என்று சொன்னேன். விபூதி என்றால் என்ன என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. பூஜைக்கு வைக்கிற சாம்பல், வெள்ளியைத் துலக்கவும் அதுதான் என்றேன்.

"நீ அந்தக் காசைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"கறையாக இருக்கிறது என்றேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கும்வரை காத்திருந்தேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

நேற்று நான் சுரைக்காயைப் பார்த்தேன் என்று சொன்னதும், அவர் அந்த இரவே வெங்குக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. முத்திரை கிடைத்துவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம், எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார். வெங் அழுதாராம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வரும்போது இருவருக்கும் சேர்த்துக் குவே தியாவ் நூடுல்ஸ் வாங்கிவருகிறேன் என்றாராம்.

வரட்டுமே என்றேன். நானும் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறேன், என் தப்புத்தான் என்று சொல்கிறேன், காசையாவது இருவரும் பாருங்கள் என்றேன். பேசப் பேச என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. பக்கத்தில் சுண்டல் தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்வாய்?" என்றார் லியோங். "என் சிநேகிதி நீ. நான் அனுப்பிப் போனவள் நீ. முத்திரை இருந்தது என்கிறாய், மறுநாளே கழுவியாயிற்று என்கிறாய். உள்ளே இரண்டு எழுத்து இருந்தது, அதனால்தான் அழித்துவிட்டார்கள் என்று அவன் சொல்வான்."

யாரோ ஒரு நல்ல பெண் எனக்கு மரியாதை செய்வதற்காகக் கழுவினாள், அதுதானே உண்மை, அவர் நம்ப மாட்டாரா என்று கேட்டேன்.

லியோங் யோசித்துப் பார்த்தார். எதிலும் அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவர் இல்லை அவர்.

"அவன் இடத்தில் நான் இருந்தால், நம்ப மாட்டேன்" என்றார்.